இருட்டறையிலிருந்து வந்த கருவிகள்

ஃபோட்டோஷாப் மென்பொருளைத் திறந்ததும் திரையின் இடது ஓரத்தில் நீளமாக ஒரு கருவிப்பெட்டி தெரியும். அதில் வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள். ஒரு சுருக்குக் கயிறு, ஒரு மந்திரக்கோல், ஒரு ரப்பர் ஸ்டாம்ப், குச்சி மிட்டாய் மாதிரி ஒன்று, விரல்களைக் குவித்துப் பிடித்த கை ஒன்று...

சுருக்குக் கயிறு சரி, எதையாவது பிடிக்கும். மந்திரக்கோலும் சரி, ஏதோ மாயம் செய்யும். ஆனால் புகைப்படத்துக்கும் குச்சி மிட்டாய்க்கும் என்ன சம்பந்தம்?

அது குச்சி மிட்டாயே அல்ல. கம்பியின் நுனியில் ஒட்டிய ஒரு வட்ட அட்டை. கம்ப்யூட்டர் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, இருட்டறையில் மங்கிய சிவப்பு விளக்கின் கீழ் நின்று பிரிண்ட் போட்டவர்களின் கையில் இருந்த சாமான் அது. பக்கத்தில் இருக்கும் குவிந்த கையும் அவர்களுடையதுதான்.

இன்றைக்கு மவுஸை ஒரு தட்டு தட்டி எடுக்கும் அடிப்படைக் கருவிகள் பலவற்றுக்கு இப்படி ஒரு பழைய வாழ்க்கை உண்டு. பெரும்பாலானவை ஏதோ ஒரு குறையைச் சரிசெய்யப் பிறந்தவை. அதே கருவிகள் பொய் சொல்லவும் பயன்பட்டிருக்கின்றன. படத்தைத் திருத்துவது எங்கே முடிகிறது, படத்தை மாற்றுவது எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி ஃபோட்டோஷாப்போடு வந்ததல்ல. அது புகைப்படக்கலையோடு சேர்ந்தே வந்தது. கருவிகளின் வரலாற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தால் அது நன்றாகப் புரியும்.

கிராப்: எதையும் சேர்க்காமல் மாற்றுவது

இருப்பதிலேயே எளிய கருவி கிராப். வேண்டிய பகுதியை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டித் தள்ளுவது. அதன் சின்னத்தைக் கவனித்தால், நேராக ஒன்றும் தலைகீழாக ஒன்றுமாக இரண்டு 'ட' எழுத்துகளைக் கோத்து வைத்த மாதிரி இருக்கும். அந்தக் காலப் பத்திரிகை அலுவலகங்களில் அதே வடிவத்தில் இரண்டு அட்டைகள் வைத்திருப்பார்கள். பிரிண்டின் மேல் அவற்றை முன்னும் பின்னும் நகர்த்தி, எந்தச் சட்டகம் நன்றாக இருக்கிறது என்று பார்ப்பார்கள். முடிவானதும் மெழுகுப் பென்சிலால் கோடு போட்டு அச்சுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இதில் என்ன தவறு வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். தவறு இல்லை. ஆனால் கிராப்புக்கு எவ்வளவு சக்தி உண்டு என்பதற்கு உலகமே பார்த்த ஒரு சாட்சி இருக்கிறது.

1960 மார்ச் 5. கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் லா கூப்ர் என்ற கப்பல் வெடித்துச் சிதறியதற்கு மறுநாள். இறந்தவர்களுக்கு நடந்த இரங்கல் கூட்டத்தில் ஆல்பர்ட்டோ கொர்டா என்ற புகைப்படக்காரர் மேடையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு கணம் சே குவேரா மேடையின் முன்பக்கம் வந்து நின்றார். கொர்டா எடுத்தார். முழு நெகட்டிவில் சேவுக்கு ஒரு பக்கம் இன்னொரு மனிதரின் முகம் பக்கவாட்டில் தெரிகிறது. மறுபக்கம் பனை வகை மரம் ஒன்றின் ஓலைகள். கொர்டா இரண்டையும் வெட்டினார். மிஞ்சியது ஒரு முகமும் வெறும் வானமும் மட்டும்.

அவர் வேலை பார்த்த பத்திரிகை அந்தப் படத்தை அப்போது வெளியிடவில்லை. 1967இல் சே கொல்லப்பட்ட பிறகு இத்தாலியிலிருந்து சுவரொட்டியாகப் பரவி, பிறகு டி-சர்ட், கொடி, காபிக் கோப்பை என்று எங்கும் போய்ச் சேர்ந்தது. கூட்டத்தில் நின்ற ஒருவர், காலமும் இடமும் இல்லாத ஒரு சின்னமாக மாறிவிட்டார். இத்தனைக்கும் படத்தில் புதிதாக ஒரு புள்ளிகூடச் சேர்க்கப்படவில்லை!

டாட்ஜ், பர்ன்: ஒளியை மறைப்பதும் ஊற்றுவதும்

இப்போது அந்தக் குச்சி மிட்டாய்க்கு வருவோம். அதன் பெயர் டாட்ஜ். குவிந்த கையின் பெயர் பர்ன்.

இருட்டறையில் நெகட்டிவை என்லார்ஜர் என்ற கருவியில் வைத்து, அதன் வழியாக விளக்கொளியைப் பாய்ச்சினால் கீழே இருக்கும் போட்டோ பேப்பரில் உருவம் விழும். அந்தப் பேப்பருக்கு ஒரு குணம்: எவ்வளவு ஒளி படுகிறதோ அவ்வளவு கறுக்கும். ஒருவரின் முகம் அளவுக்கு மீறிக் கறுக்கும் போலிருந்தால், கம்பியில் ஒட்டிய வட்ட அட்டையால் அந்த இடத்துக்கு மட்டும் சில நொடிகள் ஒளியை மறைப்பார்கள். முகம் வெளுப்பாக வரும். இதுதான் டாட்ஜ். வானம் வெறும் வெள்ளையாக வரும் போலிருந்தால், மற்ற இடங்களை மறைத்துவிட்டு, குவித்த விரல்களின் இடுக்கு வழியாக வானத்துக்கு மட்டும் கூடுதல் ஒளி கொடுப்பார்கள். வானம் கறுக்கும். இதுதான் பர்ன். அட்டையையும் கையையும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் விளிம்பு கோடாக விழுந்து, தில்லுமுல்லு தெரிந்துவிடும்.

இந்த வித்தையில் கைதேர்ந்தவர் அமெரிக்காவின் ஆன்சல் ஆடம்ஸ். 1941 நவம்பர் 1ஆம் தேதி மாலை அவர் நியூ மெக்சிகோவில் காரில் போய்க்கொண்டிருந்தார். ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூருக்கு மேல் நிலா எழும்பியிருந்தது. கல்லறைத் தோட்டத்தின் சிலுவைகளில் கடைசி வெயில் விழுந்துகொண்டிருந்தது. வண்டியை நிறுத்தி அவசரமாகக் கேமராவைப் பொருத்தினார். ஒளியை அளக்கும் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலாவின் ஒளி அளவு மனப்பாடமாகத் தெரிந்திருந்ததால் அதை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் சிலுவைகளில் இருந்த வெயில் போய்விட்டது.

அந்த ஒரே நெகட்டிவில் நிலப்பகுதி மிக மங்கலாக இருந்தது. 1948இல் அந்தப் பகுதியை மட்டும் ரசாயனத்தில் நனைத்து வலுவாக்கினார். பிரிண்ட் போடும்போதெல்லாம் வானத்தைப் பர்ன் செய்தார். ஆரம்பக் காலப் பிரிண்டுகளில் வானத்தில் லேசான மேகங்கள் தெரியும். பிற்காலத்தில் போட்டவற்றில் வானம் ஏறக்குறைய முழுக் கறுப்பு. வாழ்நாளில் அந்த ஒரு நெகட்டிவிலிருந்து 1,300க்கும் மேற்பட்ட பிரிண்டுகள் போட்டார். நெகட்டிவ் என்பது இசையமைப்பாளர் எழுதிய ஸ்வரக் குறிப்பு போல, பிரிண்ட் என்பது கச்சேரி போல என்பது அவர் கருத்து.

இதை யாரும் மோசடி என்று சொல்லவில்லை. அந்த ஊர் அங்கே இருந்தது. நிலா இருந்தது. சிலுவைகளும் இருந்தன. எடுத்தவர் தன் பெயரைப் போட்டு, இது என் பார்வை என்று சொல்லிக் கொடுத்தார். அதனால் அது கலை.

ஆனால் இதே பர்ன் வேறொரு கையில் என்ன செய்யும்? 1994 ஜூன் மாதம், கொலை வழக்கில் கைதான அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ. ஜே. சிம்ப்சனைப் போலீஸ் எடுத்த படம் வெளியானது. 'டைம்', 'நியூஸ்வீக்' இரண்டு வார இதழ்களும் ஒரே படத்தை அட்டையில் போட்டன. நியூஸ்வீக் இருந்தபடியே போட்டது. டைம் இதழின் ஓவியர் படத்தைக் கறுக்கச் செய்து, ஓரங்களில் நிழல் கூட்டியிருந்தார். கடைகளில் இரண்டும் பக்கம் பக்கமாகத் தொங்கியதால் வேறுபாடு எல்லோர் கண்ணிலும் பட்டது. வழக்கு விசாரணைக்கு வரும் முன்பே ஒரு கறுப்பின மனிதரை இன்னும் கறுப்பாக்கி, குற்றவாளி போலக் காட்டியது ஏன் என்று பெரிய எதிர்ப்பு எழுந்தது. வானத்தைக் கறுப்பாக்கினால் கலை. விசாரணைக்குக் காத்திருக்கும் ஒருவரின் முகத்தைக் கறுப்பாக்கினால் அது தீர்ப்பு.

அன்ஷார்ப் மாஸ்க்: மங்கலால் வரும் தெளிவு

படத்தைத் தெளிவாக்கும் கருவிக்கு 'தெளிவற்ற முகமூடி' என்று பொருள்படும் பெயர் ஏன் என்று பலரும் குழம்புவதுண்டு. இதுவும் இருட்டறை விஷயம்தான். நெகட்டிவிலிருந்து வேண்டுமென்றே மங்கலாக ஒரு பாசிட்டிவ் பிரதி எடுப்பார்கள். அதை நெகட்டிவோடு ஒட்டி வைத்துப் பிரிண்ட் போடுவார்கள். மங்கல் பிரதி, படத்தில் பரவலாக இருக்கும் ஒளி வேறுபாட்டைக் குறைத்துவிடும். நுணுக்கமான விளிம்புகளை அதனால் தொட முடியாது. எனவே விளிம்புகள் மட்டும் தூக்கலாகத் தெரியும். மென்பொருள் இன்று செய்வதும் இதே கணக்குத்தான்: படத்தை மங்கலாக்கி, அதற்கும் மூலத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, அதை மூலத்தோடு சேர்க்கிறது.

இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. தெளிவாக்கும் கருவி புதிய விவரம் எதையும் கொண்டுவருவதில்லை. இருக்கும் விளிம்பை அழுத்திக் காட்டுகிறது, அவ்வளவுதான். படம் எடுக்கும்போதே பதியாத வண்டி நம்பரை இந்தக் கருவியால் வரவழைக்க முடியாது.

பிரஷ்: மறைந்துபோன மனிதர்கள்

நெகட்டிவில் கூர்மையான பென்சிலால் தொட்டு முகச் சுருக்கங்களை நீக்குவது, பிரிண்டில் மெல்லிய தூரிகையால் வெள்ளைப் புள்ளிகளை அடைப்பது எல்லாம் உலகெங்கும் ஸ்டுடியோக்களில் அன்றாட வேலை. நம் ஊர்களில் கல்யாணப் படம் எடுத்த ஸ்டுடியோக்காரர்களும் செய்ததுதான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஏர்பிரஷ் வந்தது. காற்றழுத்தத்தால் மையைப் பனி போலத் தெளிப்பதால் தூரிகைத் தடமே தெரியாது.

இந்தக் கருவிகளின் மிக இருண்ட பயன்பாடு சோவியத் ஒன்றியத்தில், ஸ்டாலின் காலத்தில் நடந்தது. 1937இல் எடுத்த ஒரு படத்தில் மாஸ்கோ–வோல்கா கால்வாய்க் கரையில் ஸ்டாலின் நடந்து வருகிறார். அவர் பக்கத்தில், தண்ணீரை ஒட்டி, குள்ளமான ஒரு மனிதர். ரகசியப் போலீஸின் தலைவர் நிக்கொலாய் யெஷோவ். லட்சக்கணக்கானோரைக் கொன்ற அந்தக் கொடுமைகளை நடத்தியவர் அவர்தான். 1939இல் அவரே கைதானார். 1940இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு வந்த பிரதியில் ஸ்டாலின் அதே இடத்தில் நடக்கிறார். பக்கத்தில் யெஷோவ் இல்லை. வெறும் கால்வாய்த் தண்ணீர் மட்டும்.

இது ஒரு படத்தோடு நிற்கவில்லை. 1920 மே மாதம் லெனின் மரமேடையில் நின்று பேசும் புகழ்பெற்ற படத்தில் படிக்கட்டுகளில் ட்ராட்ஸ்கியும் காமெனெவும் நிற்பார்கள். பின்னால் வந்த பிரதிகளில் இருவரும் இல்லை. பயம் வீட்டுக்குள்ளும் புகுந்தது. அலெக்சாண்டர் ரோட்சென்கோ என்ற புகழ்பெற்ற வடிவமைப்பாளர் 1934இல் உஸ்பெகிஸ்தான் பற்றி ஒரு படநூலை வடிவமைத்தார். அதில் இருந்த தலைவர்கள் பிறகு ஒவ்வொருவராகக் களையெடுக்கப்பட்டபோது, அவர் தன்னிடம் இருந்த பிரதியில் அவர்களுடைய முகங்களைத் தானே மையால் பூசிக் கறுப்பாக்கினார். தான் வடிவமைத்த புத்தகத்தைத் தன் கையாலேயே!

இவ்வளவு செய்தும் இன்று இது எப்படித் தெரிகிறது? டேவிட் கிங் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் 1970இல் ட்ராட்ஸ்கியின் படங்களைத் தேடி மாஸ்கோ போனார். ஆவணக் காப்பகத்தில் ஒன்றும் இல்லை என்றார்கள். அதன் பிறகு பல பத்தாண்டுகள் பழைய புத்தகங்கள், இதழ்கள், அஞ்சல் அட்டைகள் என்று உலகெங்கும் தேடிச் சேர்த்தார். திருத்தப்பட்ட படத்துக்குப் பக்கத்தில் திருத்தப்படாத மூலத்தை வைத்து 1997இல் ஒரு புத்தகமாக வெளியிட்டார். எங்கோ ஒரு மூலையில் பழைய பிரதி தப்பிப் பிழைத்திருந்ததால்தான் மறைந்த மனிதர்கள் திரும்ப வந்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கடைசியில் தேவைப்படும்.

மேசைக்கு வந்த இருட்டறை

1957இல் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் என்ற பொறியாளர் தன் மூன்று மாதக் கைக்குழந்தையின் படத்தை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டருக்குள் செலுத்தினார். அகலம் 176 புள்ளி, உயரம் 176 புள்ளி. அவ்வளவுதான் அந்தப் படம். ஆனால் அதோடு புகைப்படம் என்பது எண்களின் வரிசையாகிவிட்டது. எண்ணை மாற்றினால் படம் மாறும். ரசாயனமும் வேண்டாம், தூரிகையும் வேண்டாம்.

1980களின் தொடக்கத்தில் பெரிய அச்சு நிறுவனங்களிடம் இதற்கான விலை உயர்ந்த இயந்திரங்கள் இருந்தன. 1982 பிப்ரவரி மாத 'நேஷனல் ஜியாகிரஃபிக்' அட்டையில் எகிப்தின் கீசா பிரமிடுகள் வந்தன. எடுத்த படம் அகலவாக்கில் இருந்தது, அட்டையோ நீளவாக்கில். எனவே இரண்டு பிரமிடுகளைக் கம்ப்யூட்டரில் நெருக்கமாக நகர்த்திவிட்டார்கள். 4,500 ஆண்டுகளாக அசையாதவை ஒரு அட்டைக்காக அசைந்தன! விஷயம் வெளியே தெரிந்ததும் பெரிய சர்ச்சையானது.

அப்போது அதற்கு ஒரு பெரிய நிறுவனம் தேவைப்பட்டது. எட்டே ஆண்டுகளில் ஒரு மேசை போதும் என்று ஆனது. அதற்குக் காரணம் இரண்டு சகோதரர்கள்.

மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் க்ளென் நால் என்பவருக்குப் புகைப்படத்தில் ஆர்வம் அதிகம். வீட்டின் நிலவறையில் ஒரு இருட்டறை வைத்திருந்தார். மகன் தாமஸ் அங்கேதான் பிரிண்ட் போடக் கற்றுக்கொண்டார். 1987இல் தாமஸ் அதே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவர். அவருடைய மேக்கின்டாஷ் கம்ப்யூட்டரின் திரை கறுப்பு, வெள்ளை இரண்டை மட்டுமே காட்டும். நடுவில் உள்ள சாம்பல் நிறங்களையும் காட்ட 'டிஸ்ப்ளே' என்று ஒரு சிறு நிரல் எழுதினார். சினிமாவுக்குச் சிறப்புக் காட்சிகள் செய்யும் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தில் வேலை பார்த்த தம்பி ஜான் அதைப் பார்த்தார். இன்னும் இது வேண்டும், அது வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அண்ணன் எழுதிக்கொண்டே இருந்தார்.

முதலில் ஒரு ஸ்கேனர் நிறுவனம் தன் ஸ்கேனரோடு சேர்த்துச் சுமார் 200 பிரதிகள் கொடுத்தது. பிறகு அடோபி நிறுவனம் உரிமம் பெற்று, 1990 பிப்ரவரியில் ஃபோட்டோஷாப் 1.0 என்ற பெயரில் வெளியிட்டது. 2013இல் அதன் மூல நிரலை அமெரிக்காவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. மொத்தம் ஏறக்குறைய 1,28,000 வரிகள். பெரும்பகுதி பாஸ்கல் மொழியில்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995இல், பெர்க்லியில் படித்த ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் 'கிம்ப்' என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். 1996இல் வெளியானது. அதே வகைக் கருவிகள், காசு இல்லாமல். ஃபோட்டோஷாப் வாங்க வசதி இல்லாத மாணவர்கள் இன்றும் பழகுவது அதில்தான்.

லாஸோ, மந்திரக்கோல்: எதைத் தொடக் கூடாது என்று சொல்வது

ஏர்பிரஷ் காலத்தில் மை தேவையற்ற இடத்தில் படாமல் இருக்க, படத்தின் மேல் மெல்லிய தாளை ஒட்டி, வேண்டிய வடிவத்தைக் கத்தியால் வெட்டி எடுப்பார்கள். அச்சுத் தொழிலில் இதற்குச் சிவப்பு நிறப் படலம் பயன்பட்டது. ஃபோட்டோஷாப்பில் 'க்விக் மாஸ்க்' போட்டால் மறைக்கப்பட்ட பகுதி சிவப்பாகத் தெரிவது அந்தப் படலத்தின் ஞாபகம்தான்.

லாஸோ என்ற சுருக்குக் கயிறு வேறு வழியில் வந்தது. 1984இல் முதல் மேக்கின்டாஷோடு வந்த மேக்பெயின்ட்டில் அது இருந்தது. நிரல் எழுதியவர் பில் அட்கின்சன், சின்னங்களை வரைந்தவர் சூசன் கேர். தேர்ந்தெடுத்த பகுதியைச் சுற்றி எறும்பு ஊர்வது போல ஓடும் புள்ளிக்கோட்டை, பீர் விளம்பரப் பலகை ஒன்றில் தண்ணீர் ஓடுவது போன்ற அசைவைப் பார்த்துத்தான் அட்கின்சன் யோசித்தாராம்.

மந்திரக்கோலில் மந்திரம் ஒன்றும் இல்லை. தட்டிய புள்ளியின் நிறத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு நெருக்கமான நிறமுள்ள புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டே போகும். எவ்வளவு நெருக்கம் என்பதைச் சொல்லும் எண் வழக்கமாக 32 என்று இருக்கும். அதைக் கூட்டினால் பிடி அகலும், குறைத்தால் சுருங்கும். புதிதாகக் கற்பவர்கள் "வாண்ட் சரியாகப் பிடிக்கவில்லை" என்று சலித்துக்கொள்வது பெரும்பாலும் இந்த எண்ணைத் தொடாததால்தான்.

ரப்பர் ஸ்டாம்ப்: அச்சு ஒன்றே

குளோன் ஸ்டாம்ப் என்பது ஃபோட்டோஷாப்பின் முதல் பதிப்பிலிருந்தே இருக்கும் கருவி. ஆல்ட் விசையை அழுத்தி ஒரு இடத்தைக் காட்டினால், அங்கே இருப்பதை இன்னொரு இடத்தில் பதிக்கும். தூசு, கீறல், பழைய படத்தின் கிழிசல் எல்லாவற்றையும் பக்கத்தில் இருக்கும் நல்ல பகுதியைக் கொண்டு ஒட்டுப் போடலாம். தாத்தா பாட்டியின் மங்கிய படங்களை மீட்க இதைவிட நல்ல துணை இல்லை.

2006 ஆகஸ்ட் மாதம் லெபனானில் போர் நடந்தபோது, குண்டு வீசப்பட்ட பெய்ரூட் நகரத்தின் மேல் கரும்புகை எழும் படம் ஒன்றை ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. அதில் புகைச் சுருள்கள் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருவதை வலைப்பதிவர்கள் கண்டுபிடித்தார்கள். ஸ்டாம்ப் வைத்துப் புகையைப் பெருக்கியிருந்தார் அந்தப் புகைப்படக்காரர். ராய்ட்டர்ஸ் அவருடைய தொடர்பைத் துண்டித்து, அவர் எடுத்த 920 படங்களையும் விற்பனையிலிருந்து நீக்கியது.

அந்த நகரத்தில் குண்டு விழுந்தது உண்மை. புகை எழுந்ததும் உண்மை. கூடுதலாக வைத்த ஸ்டாம்ப், உண்மையான புகையையும் சேர்த்துச் சந்தேகத்துக்கு உள்ளாக்கியது. இதுதான் இதில் பெரிய நஷ்டம்.

லேயர்: அடுக்கி வைத்த படங்கள்

1850களில் இருந்த கண்ணாடித் தட்டுகளுக்கு நீல ஒளியில் உணர்வு மிக அதிகம். கடல் சரியாகப் பதிந்தால் வானம் வெளுத்துப் போகும். வானம் சரியாகப் பதிந்தால் கடல் இருண்டு போகும். பிரான்ஸின் குஸ்தாவ் லெ க்ரே இதற்கு ஒரு வழி கண்டார். வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ், இரண்டையும் தொடுவானத்தில் இணைத்து ஒரே பிரிண்ட். 1857இல் இங்கிலாந்தில் ஆஸ்கார் ரெய்லாண்டர் இன்னும் மேலே போய், 30க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே பெரிய படத்தை உருவாக்கினார். விக்டோரியா மகாராணி அதில் ஒரு பிரதியை வாங்கினார்.

இந்த அடுக்கு வேலைக்கு 1994இல் ஃபோட்டோஷாப் 3.0 'லேயர்' என்று பெயர் கொடுத்தது. அதற்கு முன் ஒட்டிய துண்டு படத்தோடு கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. லேயர் வந்த பிறகு கண்ணாடித் தாள்களை அடுக்குவது போல ஒவ்வொன்றையும் தனியே வைத்து, நகர்த்தி, மறைத்துப் பார்க்க முடிந்தது.

2003 மார்ச் 31. 'லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்' முதல் பக்கத்தில் ஈராக்கின் பாஸ்ரா அருகே எடுத்த படம். பிரிட்டிஷ் சிப்பாய் ஒருவர் மக்களைப் பார்த்துக் கையசைக்கிறார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வருகிறார். பின்னணியில் உட்கார்ந்திருக்கும் சிலர் இரண்டு முறை தெரிவதை இன்னொரு பத்திரிகையின் ஊழியர் கவனித்தார். சில நொடி இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களைப் புகைப்படக்காரர் ஒன்றாக்கியிருந்தார். காட்சி இன்னும் அழகாக அமைய வேண்டும் என்பதே நோக்கம். ஒப்புக்கொண்டார். வேலை போனது.

லெ க்ரே செய்ததும் இவர் செய்ததும் தொழில்நுட்பத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபாடு, பார்ப்பவருக்குக் கொடுத்த வாக்கில். கண்காட்சிச் சுவரில் தொங்கும் கடல் "இது என் படைப்பு" என்கிறது. செய்தித்தாளின் முதல் பக்கம் "இது இப்படியே நடந்தது" என்கிறது.

பெட்டியில் இல்லாத கருவி

முன்பெல்லாம் ஒரு மனிதரைப் படத்திலிருந்து நீக்க, தேர்ந்த கை, நேரம், பணம், சில சமயம் ஒரு அரசாங்கமே வேண்டியிருந்தது. அந்தச் சிரமமே ஒரு தடையாக இருந்தது. தடை படிப்படியாகக் குறைந்தது. 2002இல் 7.0 பதிப்பில் ஹீலிங் பிரஷ் வந்து, ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றுப்புறத்தோடு தானே கலந்துவிட்டது. 2010இல் வந்த வசதி, நீக்கிய பொருளின் இடத்தைத் தானே யோசித்து நிரப்பியது. 2023 முதல் ஒரு வாக்கியம் எழுதினால் போதும், படத்தில் இல்லாத ஒன்றைச் செயற்கை நுண்ணறிவு வரைந்து கொடுக்கிறது. திரும்பத் திரும்ப வரும் புகைச்சுருள் போன்ற தடயம் இனி கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

அப்படியானால் உண்மையைக் காப்பாற்ற என்ன இருக்கிறது? டேவிட் கிங்கின் கதை சொல்வதுதான்: மூலப் பிரதி. ஆடம்ஸ் எத்தனை விதமாகப் பிரிண்ட் போட்டாலும் நெகட்டிவ் ஒன்று இருந்தது. கொர்டா வெட்டிய மனிதரும் மரமும் அவருடைய நெகட்டிவில் பத்திரமாக இருந்தன. யெஷோவ் திரும்பி வந்தது அழிக்கப்படாத பிரதியால்.

ஃபோட்டோஷாப்பில் 1998 வரை ஒரே ஒரு படி மட்டுமே பின்னால் போக முடியும். அந்த ஆண்டு 5.0 பதிப்பில் 'ஹிஸ்டரி' வந்து பல படிகள் பின்னால் போக வழி செய்தது. ஆனால் கோப்பை மூடினால் அதுவும் போய்விடும். 2019இல் அடோபி நிறுவனமும் சில ஊடக நிறுவனங்களும் சேர்ந்து, படத்தில் என்ன மாற்றம் செய்யப்பட்டது என்ற வரலாற்றைப் படத்தோடே பதிந்து வைக்கும் முயற்சியைத் தொடங்கின. நல்ல முயற்சி. ஆனால் அது வேண்டுமென்று நினைப்பவர்களுக்குத்தான் உதவும்.

அதனால் இந்தக் கருவிகளைப் பழகத் தொடங்கும் எவரும் முதலில் கற்க வேண்டியது கிராப்பும் அல்ல, லாஸோவும் அல்ல. படத்தைத் திறந்தவுடன் 'சேவ் ஆஸ்' கொடுத்து வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, மூலத்தைத் தொடாமல் ஒதுக்கி வைப்பது. பிறகு பிரதியில் எதை வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். வானத்தைக் கறுப்பாக்கலாம், தூசியைத் துடைக்கலாம், முகத்துக்கு வெளிச்சம் கொடுக்கலாம். யாராவது ஒரு நாள் "உண்மையில் அங்கே என்ன இருந்தது?" என்று கேட்டால், எடுத்துக் காட்ட ஒரு கோப்பு இருக்கும்.